ஜூன் 5இல் நட்ட கன்றுகள்

ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம் வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாகனம் வரும், கன்று வரும், கெமரா வரும். நாங்களும் பிள்ளைகளோடு போய் நடுவோம். மூன்று வருடம் நட்டோம். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஹப்புத்தளைக்காரர் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார். மலைக்கு மேற்கே ஹட்டன், மஸ்கெலியாவில் ஜூன் மாதம் அடைமழை. அந்த மழைக்காற்று மலையைத் தாண்டி எங்கள் ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரமே இருக்காது. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவதும் அந்த வறண்ட காற்றில்தான், வேர் பிடிக்காத கன்று கருகுவதும் அதில்தான். எங்களுக்கு மழை ஐப்பசியில். நடவும் அப்போதுதான்.

அப்புறம், வந்த கன்றெல்லாம் சவுக்கும் (கிரெவிலியா) டர்பன்டைனும் (யூகலிப்டஸ்). இரண்டுமே அவுஸ்திரேலிய மரங்கள். தேயிலைக்கு நிழலுக்கும் அடுப்பு விறகுக்கும் சவுக்கு வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காட்டுப் புறா தின்ன அதில் பழமில்லை. புறா வராத இடத்துக்குக் காட்டு விதையும் வராது.

எனக்குப் பெரிய கவலை தேவாங்கைப் பற்றியது. ஹோட்டன் சமவெளித் தேவாங்கு அழிந்தே போய்விட்டது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2010இல்தான் அதன் படம் உலகத்துக்கு வந்தது. குரங்கு மாதிரி அது பாயாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கிளைக்குக் கை நீட்டித்தான் நகரும். கிளை தொடாத இடத்தில் அதற்கு வழி முடிந்தது. இடையில் ஒரு தேயிலை மலை இருந்தால், இந்தக் காட்டுத் துண்டில் இருப்பது அந்தத் துண்டுக்குப் போய்ச் சேராது. அதனால் கன்றை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். மைதான ஓரத்தில் ஐந்நூறு கன்று வைப்பதைவிட, இரண்டு காட்டுக்கு நடுவே ஓடும் தண்ணீர்க் கானோரம் ஐம்பது வைக்கலாம். அங்கே கொழுந்தும் கிடையாது, நிர்வாகத்துக்கும் நட்டமில்லை.

போன ஐப்பசியில் எங்கள் லயத்து ஆட்கள் சேர்ந்து தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே நாவல், காட்டுச் செண்பகம், கீனை என்று நம் மலைக்காட்டு மரங்களை வைத்தோம். கீனை ஆமை மாதிரி வளரும், பொறுக்க வேண்டும். மானாப் புல்லை வெட்டிக் கன்றைச் சுற்றிப் போட்டோம். பீலிக்கு வரும் பெண்கள்தான் ஆடி மாதம் ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் ஊற்றினார்கள். பாதிக்கு மேல் பச்சையாக நிற்கிறது.

காட்டு நாவல் விதை காய்ந்தால் முளைக்காது, பழம் விழுந்த கையோடு ஊன்ற வேண்டும். காப்புக் காட்டுக்குள் போய்ப் பொறுக்காதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும். தோட்டத்து ஆற்றோரமே போதுமான மரங்கள் இருக்கின்றன. விதை ஊன்றிக் கன்று வளர்க்க வெறும் பால்மா பக்கற்றுகள் வேண்டும், எறியாமல் கழுவி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.