மாமின், எவின், அம்மாவின்

ரஷ்ய மொழியில் அம்மா ‘மாமா’. அம்மாவின் வீடு ‘மாமின் தோம்’. துருக்கியில் வீடு ‘எவ்’. வீட்டின் என்பது ‘எவின்’. இவற்றை அருகருகே வைத்து, “பார்த்தீர்களா, ‘அம்மாவின்’, ‘வீட்டின்’ என்பவற்றில் வரும் நம் ‘இன்’னை எடுத்துப் போயிருக்கிறார்கள்” என்று முடியும் ஒரு பதிவை இந்த வாரம் நான்கு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நால்வரும் நண்பர்கள் என்பதால் கோபத்தைக் குறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று என்றால் மனம் மயங்கத்தான் செய்யும். நானும் முதலில் பார்த்தபோது ஒரு நாள் முழுக்க மகிழ்ந்திருந்தேன்.

ஆனால் வீட்டுக்கு ‘மாமின்’ என்ற ரஷ்யர், புத்தகத்துக்கு ‘மாமினா’ என்பார். புத்தகம் அங்கே பெண்பால்; அதற்கு ஏற்ப முன்சொல்லும் மாறுகிறது. அதாவது இது வேற்றுமை உருபே அல்ல, பெயரைப் பெயரடையாக்கும் விகுதி. புஷ்கின் என்ற பெயரின் வாலில் இருப்பதும் இதுதான். நம் ‘அம்மாவின்’ எதன் முன்னால் நின்றாலும் அசையாது.

துருக்கி இன்னும் சுவையானது. ‘எவின்’ என்றால் வீட்டின். ‘உன் வீடு’ என்றாலும் ‘எவின்’தான்! ‘உன்னுடைய வீடு’ என்னும் ‘செனின் எவின்’ தொடரில் முதல் ‘இன்’ வேற்றுமை. இரண்டாவது, வீடு முன்னிலையில் இருப்பவருக்கு உரியது என்று காட்டும் விகுதி. அதே வேற்றுமை உருபு பள்ளியைக் குறிக்கும் ‘ஒகுல்’ மேல் ஏறினால் ‘ஒகுலுன்’ ஆகிவிடும். முன்னால் உள்ள உயிருக்கு இசைந்து அது நான்கு முகம் காட்டும். நமக்குப் பிடித்த ஒரு முகத்தை மட்டும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பழைய துருக்கியத்தில் இந்த உருபு ‘நிங்’; உஸ்பெக் மொழியில் இன்றும் ‘நிங்’தான். உறவு என்றால் பின்னோக்கிப் போகப் போக நெருங்க வேண்டும். இது விலகுகிறது.

இதே ஒலி வேறு மொழிகளில் வேறு வேலைகளும் செய்கிறது. ஜெர்மனில் ‘லேரர்’ ஆசிரியர், ‘லேரரின்’ ஆசிரியை. ஐரிஷில் நெடிலாக வரும் ‘ஈன்’ சிறுமையையும் செல்லத்தையும் காட்டும். அந்த ஈற்றோடு வரும் ‘கலீன்’ என்ற சொல்லுக்கு இளம்பெண் என்று பொருள்; இலக்கணத்திலோ அது ஆண்பால்!

வெளியே ஏன் அலைய வேண்டும்? ‘இன்மையின் இன்னாதது யாதெனின்’ என்ற குறளடியில் ‘இன்மையின்’ என்பது ‘இன்மையைவிட’ என்னும் ஐந்தாம் வேற்றுமை. ‘எனின்’ என்பது நிபந்தனை. ‘ஓடினான்’ என்பதில் இருக்கும் ‘இன்’ இறந்தகால இடைநிலை. ‘மரத்தின் கிளை’யில் வருவதோ, நன்னூல் வழியில் சொன்னால், ஆறாம் வேற்றுமை உருபுகூட அல்ல, வெறும் சாரியை, அதாவது சொல்லுக்கும் உருபுக்கும் இடையே இணைப்பாக வரும் அசை. அந்தச் சாரியையைத்தான் உருபு என்று சொல்லி உலகெங்கும் ஏற்றுமதி செய்துகொண்டிருக்கிறோம்.

ஒட்டுகள் வாயில் புரண்டு தேய்ந்து, பெரும்பாலும் ஓர் உயிரும் ஒரு மெய்யுமாகச் சுருங்கிவிடுகின்றன. இகரமும் னகரத்தை ஒத்த மூக்கொலியும் பெரும்பாலான மொழிகளில் உண்டு. ஆயிரக்கணக்கான மொழிகளில் இவை இரண்டும் ஆங்காங்கே சொல்லின் ஈற்றில் சேராமல் இருந்தால்தான் வியப்பு.

உறவைக் காட்ட வேண்டுமென்றால் பால்–ஹாலு, புலி–ஹுலி, பல்–ஹல்லு, பத்து–ஹத்து என்று காட்டுங்கள். தமிழில் சொல்லின் முதலில் பகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம், சொல்லுக்குச் சொல். ஒலி வேறாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒழுங்கில் வேறாகிறது. அதற்கு முன்னால் நூறு ‘மாமின்’களும் நிற்காது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாமவர் ஃபின்னிஷ் மொழியோடு வந்துவிட்டார். ‘சூரி’ என்றால் பெரிய, ‘சூரின்’ என்றால் எல்லாவற்றையும்விடப் பெரிய. இது ‘இன்மையின்’ என்பதில் உள்ள ஒப்புப் பொருள் ‘இன்’தானே என்கிறார். ஐயா, அங்கே அது பண்பின் மேல் ஏறுகிறது. இங்கே, எதைவிட என்கிறோமோ அதன் மேல் ஏறுகிறது.