ரிப்போர்ட்ட பாக்காதீங்கன்னு ஆபிரகாம் சொல்லல

போன வாரம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்தோம். எந்த ஊரு, யாரு செய்தி குடுத்தாங்கன்னு சொல்ல மாட்டேன், அவரு நல்ல மனுஷன்தான், பாட்டெல்லாம் அருமையா இருந்துச்சு. செய்தி பைபிள்ல ரோமர் 4ம் அதிகாரம். முதிர்வயசுல பிள்ளை தருவேன்னு தேவன்கிட்ட வாக்கு வாங்கின ஆபிரகாம் தன் சரீரம் செத்துப்போனதை எண்ணாதிருந்தான், பொண்டாட்டி சாராளோட கர்ப்பம் செத்துப்போனதையும் எண்ணாதிருந்தான், அதனால நீங்களும் டாக்டர் ரிப்போர்ட்ட எண்ணாதீங்க, ஸ்கேன பாக்காதீங்க, தேவன் குடுத்த வாக்குத்தத்தத்த மட்டும் பாருங்கன்னு சொல்லிட்டே வந்தாரு. அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும். "கர்ப்பத்தின் கனி இல்லாத பிள்ளைங்க மட்டும் எழும்பி நில்லுங்க."

நான் எழும்பல. கல்யாணமாகி 11 வருஷம் ஆச்சு, முதல் ஆறேழு வருஷம் இப்படிச் சொன்ன எல்லா கூட்டத்துலயும் எழும்பி நின்னவதான் நான். ஒரு தடவ "அடுத்த வருஷம் இதே நாள்ல கையில பிள்ளையோட வந்து சாட்சி சொல்லுவ"ன்னு மைக்கிலேயே சொல்லிட்டாங்க, சபையே அல்லேலூயான்னு கை தட்டுச்சு, அடுத்த வருஷம் அதே நாள் வந்தப்ப காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுலயே படுத்துக்கிட்டேன், என்னைப் பாத்தா அவங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு நினைச்சேன், இப்ப யோசிச்சா சிரிப்பா வருது.

சரி, அந்த வசனத்துக்கு வர்றேன். நம்ம பழைய திருப்புதல் பைபிள்ல ரோமர் 4:19ல "எண்ணாதிருந்தான்"னுதான் இருக்கு, அதனால பிரசங்கியார் மேல முழுத் தப்பும் சொல்ல முடியாது. ஆனா வீட்டுக்கு வந்து 1995ல வந்த திருவிவிலியம்ங்கிற புது மொழிபெயர்ப்பை எடுத்துப் பாத்தா தலைகீழா இருக்கு. ஆபிரகாம் அதை எண்ணிப் பார்த்தாரு, அப்படிப் பார்த்தும் நம்பிக்கையில தளரலன்னு இருக்கு. எப்படி ஒரே வசனம் ரெண்டு மாதிரின்னு தேடினா விஷயம் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள்ல இருக்கு. நாலாம் நூற்றாண்டு பிரதிகளான சினாய்ட்டிகஸ், வத்திக்கானஸ் ரெண்டுலயும் அந்த "இல்லை"ங்கிற சின்ன வார்த்தை கிடையாது. பிற்காலப் பிரதிகள் நிறையத்துல இருக்கு, நம்ம பழைய மொழிபெயர்ப்பு அந்த வழியில வந்தது. ஒரு சின்ன "இல்லை"ய வச்சு எத்தனை பொம்பளைங்கள அழ வச்சிருக்கோம்னு நினைச்சேன்.

பிரதியெல்லாம் எனக்கு வேண்டாம், எங்க தாத்தா படிச்ச பைபிளே போதும்னு சொல்றவங்க ஆதியாகமம் 17க்குப் போங்க. ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிச்சான், நூறு வயசுக்காரனுக்குப் பிள்ளை பொறக்குமா, தொண்ணூறு வயசு சாராள் பெறுவாளான்னு மனசுக்குள்ள கேட்டான்னு அதே பழைய பைபிள்லதான் இருக்கு. இது எண்ணினது இல்லாம வேற என்ன? வயச கூட்டிக் கழிச்சுல்ல பாத்திருக்கான். (இதுல ஒரு தனி வருத்தம் எனக்கு உண்டு. சிரிச்சதுக்கு சாராள மட்டும்தான் எல்லா பிரசங்கத்துலயும் திட்டுறாங்க, ஆபிரகாம் ஒரு அதிகாரம் முன்னாடியே சிரிச்சத யாரும் பேசுறதில்ல. எபிரெயர் 11ல சாராளோட விசுவாசமும் எழுதியிருக்கு, அதயும் பேசுறதில்ல.) ஆதியாகமம் 18:11ல ஸ்திரீகளுக்குள்ள வழிபாடு, அதாவது மாதவிலக்கு, சாராளுக்கு நின்னுபோச்சுன்னு பச்சையா எழுதியிருக்கு. அது மெடிக்கல் ரிப்போர்ட் இல்லாம என்னங்க? பைபிளே ரிப்போர்ட்ட மறைக்கல, அதை முதல்ல வச்சிட்டுத்தான் மூணு வசனம் தள்ளி "கர்த்தரால் ஆகாத காரியம் உண்டோ"ன்னு கேக்குது.

என்னோட ஏஎம்ஹெச் 0.4. கருமுட்டை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட் அது, 0.4ன்னா ரொம்பக் குறைவு. இதை எத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லாம பீரோவுல துணிக்கடியில வச்சிருந்தேன் தெரியுமா, சொன்னா விசுவாசம் இல்லாத பேச்சு, அவிசுவாச அறிக்கை ஆயிடுமாம். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட அந்த நம்பரச் சொல்லல. செத்தத செத்ததுன்னு ஒத்துக்கிறதுதான் ரோமர் 4ல விசுவாசத்தோட முதல் படியாவே இருக்கு, ஏன்னா அதை எழுதின பவுல் அங்க தேவனுக்குக் குடுக்கிற அடையாளமே மரித்தோரை உயிர்ப்பிக்கிறவர், இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல அழைக்கிறவர்ங்கிறதுதானே. சாகவே இல்லன்னு நான் நடிச்சா உயிர்ப்பிக்கிறவருக்கு அங்க என்ன வேலை?

அப்புறம் இந்தக் காலக்கணக்கு. ஆரானை விட்டுக் கிளம்பினப்ப ஆபிரகாமுக்கு 75, சாராள் பெத்த ஈசாக்கு பொறந்தப்ப 100. நடுவுல 25 வருஷம். வேலைக்காரி ஆகார் மூலமா இஸ்மவேல் பொறந்த 86லேர்ந்து அடுத்த பேச்சு வர்ற 99 வரைக்கும் தேவன் பேசினதா ஒரு வரிகூட கிடையாது, 13 வருஷம் மௌனம். அதவிட பெருசு, வாக்குத்தத்தத்தின் பிள்ளைன்னு நாம கொண்டாடுற ஈசாக்கே 40ல கல்யாணம் பண்ணி 60லதான் பிள்ளை பாத்தான், அவன் பொண்டாட்டி ரெபெக்காளுக்கு 20 வருஷக் காத்திருப்பு. அற்புதத்துல பொறந்தவன் வீட்டுலயே இந்த நிலமைன்னா நாங்க ஆறு மாசத்துல சாட்சி சொல்லலன்னு ஏன் எங்கள ஒரு மாதிரி பாக்குறீங்க?

எங்க பெரியம்மை ஒருத்தங்க "ஏ பிள்ள, ஏதாவது மறைஞ்ச பாவம் இருந்தா அறிக்க பண்ணிரு"ன்னாங்க. அன்புலதான் சொன்னாங்க. பிள்ளைக்காக அழுது ஜெபிச்ச அன்னாளப் பாத்து குடிச்சு வெறிச்சிருக்கியான்னு ஆசாரியன் ஏலி கேட்டதும் ஆலயத்துக்குள்ள வச்சுத்தான்.

அப்போ வாக்குத்தத்தம் பொய்யான்னு கமெண்ட்ல கேப்பீங்க. இல்லங்க. தேவனால முடியும்னு இன்னைக்கும் நம்புறேன், 0.4 அவருக்கு ஒரு பொருட்டே இல்ல. எனக்குச் செய்வாராங்கிறது வேற கேள்வி. அதுக்கு எனக்குக் கிடைச்ச நல்ல பதில் எசேக்கியேல் 37ல இருக்கு. பள்ளத்தாக்கு நிறைய உலர்ந்த எலும்பு, இது உயிரடையுமான்னு தேவன் கேக்குறாரு. தீர்க்கதரிசி எசேக்கியேல் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல, ஆண்டவரே தேவரீர் அதை அறிவீர்னுட்டான். இதையே நம்ம சபையில சொன்னா விசுவாசம் பத்தலம்பாங்க. ஆனா 24ம் அதிகாரத்துல பொண்டாட்டிய பறிகொடுத்து, அழக்கூடாதுன்னும் கட்டளை வாங்கினவன் அவன், அவன்கிட்ட போய் விசுவாச அறிக்கை பாடம் எடுக்க எனக்குத் தைரியம் இல்ல. தெரியாதுன்னு சொன்ன அவன் வாயாலதான் எலும்புகளுக்குத் தீர்க்கதரிசனம் சொல்ல வச்சாரு.

ரோமர் 4 முடியிற இடத்தையும் பாருங்க, இயேசுவை மரணத்திலேர்ந்து எழுப்பினவர்ல போய்த்தான் நிக்குது. தொட்டில்ல நிக்கல. ஏசாயா 56ல பிள்ளை பெற முடியாத அண்ணகன் தன்னைப் பட்டமரம்னு சொல்லிக்க வேண்டாம், மகன் மகளவிட மேலான பேர் தர்றேன்னு கர்த்தர் சொல்றாரு. அதுவும் வாக்குத்தத்தம்தானே, இத்தன வருஷத்துல வருஷப்பிறப்புக்குச் சபையில குடுக்கிற வாக்குத்தத்த வசனக் கார்டு ஒண்ணுல கூட அந்த வசனம் எனக்கு வந்ததில்ல.

கார்டுன்னதும் ஞாபகம் வருது. இந்த வருஷப்பிறப்பு ராத்திரி ஆராதனை முடிஞ்சு தாம்பாளத்துல கார்டு வந்துச்சு, எனக்கு "களஞ்சியங்கள்" வசனம். பக்கத்துல ஒரு புதுப் பொண்ணு, ரெண்டு மாசம் முன்னாடி கரு கலைஞ்சது எனக்குத் தெரியும், அவ கார்டுல மலடியைப் பிள்ளைத்தாய்ச்சியாக்குற சங்கீதம் 113. கையில வச்சிட்டு அப்படியே குனிஞ்சிருந்தா. மாத்திக்கலாமான்னு மெதுவா கேட்டேன். திரும்பிப் பாத்து, "அக்கா, எங்க வீட்டுல களஞ்சியம்னு ஒரு அரிசி டிரம்தான் இருக்கு"ன்னா. ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல, முன் வரிசையில இருந்த அத்தை ஒருத்தங்க திரும்பி முறைச்சாங்க, அப்பவும் நிக்கல.