எங்களைப் பார்வையாளராக மட்டும் உட்கார வைக்காதீர்கள்

போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆண்டு விழா பற்றிப் பேச்சு வந்தது. வகுப்புக்கு ஒரு நடனம், எல்லாம் சினிமாப் பாட்டு. சொல்லிக்கொடுக்கக் கும்பகோணத்திலிருந்து ஆள் வருவார். உடை வாடகை பிள்ளைக்கு 350 ரூபாய். என் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு அதே பள்ளியில் மூன்று பிள்ளைகள். நடவு, களையெடுப்பு என்று நாள்கூலிக்குப் போகிறவர். விரல் மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சின்னவன் மட்டும் ஆடட்டும்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படிச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊரும் பள்ளியும் சேர வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். எங்கள் ஊரில் சேருவதற்கு இதுவரை இரண்டே வழிதான். நன்கொடை நோட்டில் பெயர் எழுதலாம். விழா அன்று நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போடுவதற்காகவா அப்படி எழுதினார்கள்? "எவ்வளவு தருவீர்கள்" என்று கேட்கும் பள்ளி, "உங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என் மனக்குறை இதுதான்.

எங்களுக்கு என்னதான் தெரியாது? நரசிங்கம்பேட்டை எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். பழைய வீடுகளில் கிடைக்கும் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்யும் ஊர். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை அடுத்துத் திருவாவடுதுறை, நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். இங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் நாதஸ்வரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்?

எங்கள் தெருவில் கோயில் வாசிப்பிலிருந்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தலைமை ஆசிரியையிடம் கெஞ்சி, ஒரு வெள்ளிக்கிழமை மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையை அவருக்காக வாங்கினேன். மேடையும் மைக்கும் கிடையாது. வேப்ப மரத்தடிதான். உறையிலிருந்து வாத்தியத்தை எடுத்தவர் உடனே வாசித்துவிடவில்லை. ஊதும் முனையில் பொருத்தும் சீவாளிகள் கயிற்றில் தொங்கின; அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாயில் வைத்து நனைத்து, அதன் இதழை விரல் நுனியால் மெல்ல அழுத்திச் சரிசெய்தார். "இது எதில் செய்தது தெரியுமா? கொறுக்கைத் தட்டை. நம் காவிரிக் கரையில் முளைக்கிறதே, அதுதான்" என்றார். தினமும் அந்தக் கரை வழியாகவே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்ததும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்துணவு ஆயா ஈரக்கையோடு வெளியே வந்து நின்றார். வகுப்பில் வாயே திறக்காதவன் என்று டீச்சர் சொல்லும் ஒரு பையன், "தாத்தா, நான் ஊதலாமா?" என்று முன்னால் வந்தான். அவர் வேறொரு சீவாளியைப் பொருத்திக் கொடுத்தார். கன்னம் புடைக்க ஊதினான், காற்றுதான் வந்தது. "எனக்கும் முதலில் காற்றுதான் வந்தது தம்பி, நாளைக்கும் வா" என்றார் பெரியவர்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பக்கத்துத் தப்பாட்டத்துக்கு எவ்வளவு புகழ்! ஆனால் தப்படிக்கும் குடும்பத்தை ஊர் கூப்பிடுவது பெரும்பாலும் சாவு வீட்டுக்குத்தான். அவர்கள் பிள்ளைகளும் இதே பள்ளியில் படிக்கிறார்கள். அப்பாவின் வேலையை எழுதச் சொன்னால் 'கூலி' என்று எழுதிவிட்டுக் குனிந்துகொள்கிறார்கள். அந்த அப்பா பள்ளி முற்றத்தின் நடுவில் தப்போடு நிற்கட்டும்; தலைமை ஆசிரியை அவருக்கு மாலை போட்டு "ஆசான்" என்று அழைக்கட்டும்; அவருக்கு உரிய சம்பளத்தையும் கொடுக்கட்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அவரிடம் கற்க வேண்டும். அவர் பிள்ளை மட்டும் அடிப்பது என்றால் அது பழைய வழக்கமேதான். அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து மாநில அளவு வரை கலைத் திருவிழா நடக்கிறது. பிள்ளைகளைத் தயார்செய்ய ஆள் இல்லை என்கிறார்கள். ஆள் அடுத்த தெருவில் இருக்கிறார்.

பெற்றோர் வருவதில்லை என்ற புகாரில் நியாயம் இல்லை. சம்பா அறுவடை நேரத்தில் வேலைநாள் பிற்பகலில் கூட்டம் வைத்தால் யாரால் வர முடியும்? 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது எங்கள் தெருப் பெண்கள் மாலை நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். நேரம் பொருந்தியது, வந்தார்கள். கூட்டத்தை மாலை ஆறரைக்கு மாற்றுங்கள்.

இந்த ஆண்டு மூன்று நிகழ்ச்சிகளை ஊரார் பொறுப்பில் விட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கும்மி சொல்லிக்கொடுப்பது அந்த அக்காதான். அவருடைய மூன்று பிள்ளைகளும் வட்டத்தில் இருக்கிறார்கள். உடை, வீட்டில் இருப்பதே போதும். தப்பின் தோல் இறுக, தீயில் காய்ச்ச வைக்கோல் வேண்டுமாம். எங்கள் வயலில் அறுவடை முடிந்ததும் ஒரு கட்டு கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.