கம்மியா இருந்தாலும் அளக்கலாம்ங்க

ஊசில போடுற ட்ரேசர் (கதிர் விடுற மருந்து) ரத்த சாம்பிள்ல ரொம்ப கம்மி, அத வச்சு கிட்னி வடிகட்டுற வேகத்த சொல்ல முடியாதுன்னு ஒரு கட்டுரைல இருக்கு, அது சரியில்லைங்க. டெக்னீசியம் 99எம் டிடிபிஏங்குற ட்ரேசர ஊசி போட்டு 2 மணி நேரம், 4 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தவிட்டு, மேல தெளிஞ்சு நிக்கிற பிளாஸ்மால சரியா 1 மில்லி எடுத்து வெல் கவுன்ட்டர்ல (கதிர எண்ணுற மெஷின்) வைப்போம், அதுல கதிர பிடிக்கிற கிரிஸ்டல் நடுவுல இருக்குற குழிக்குள்ள டியூப் இறங்கிடும், அதனால கதிர் பெரும்பாலும் அதுலயே மாட்டிக்கும். மெஷின் எண்ணினது 100 கவுன்ட்னா 10 சதவீதம் பிழை, 10,000 வரைக்கும் பொறுமையா எண்ணினா 1 சதவீதம்தான். ட்ரேசரோட அரை ஆயுளே (கதிர் பாதியா குறையுற நேரம்) 6 மணி நேரம், அதனால ரத்தம் எடுத்த நேரத்த நிமிஷ சுத்தமா எழுதியே ஆகணும். ஒரு தடவ ஊசி போட்ட பேஷன்ட் ஒருத்தர் கதவு பக்கத்துல வந்து உக்காந்துட்டார், அவர் உடம்புல இருந்து வர்ற கதிரால பேக்ரவுண்ட் (டியூப் இல்லாமலே மெஷின்ல பதிவாகுற கதிர்) சட்டுனு ஏறிடுச்சு, அவர தள்ளி உக்கார வச்சிட்டு எல்லா டியூப்பையும் மறுபடி எண்ணினேன்.