செங்கல்பட்டில் கை நீட்டியவர்கள்

"நமக்குச் சயரோகம் வராது, பிறந்த உடனே ஊசி போட்டாச்சு" என்று இடது கைத் தழும்பைக் காட்டுற ஆக்கள் ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இருக்கிறாங்க. படிச்ச ஆக்களும் சேர்த்திதான். அந்த பி.சி.ஜி. தடுப்பூசி, குழந்தைகளுக்கு மூளையைத் தாக்குகிற சயரோகத்திலிருந்து (காசநோய்) நல்ல காப்பு. வளர்ந்தவர்களின் நுரையீரலுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

இதை ஆணித்தரமாகக் காட்டியவர்களில் நம்ம மொழி பேசுற சனமும் உண்டு. 1968இல் தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்தவர்களிடம் பி.சி.ஜி.யைச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஏழரை வருடம் பார்த்தும் பெரியவர்களின் நுரையீரல் நோய் குறையவில்லை. (அவர்களுக்கு எவ்வளவு விளக்கிச் சொல்லிப்போட்டு ஊசி ஏற்றினார்கள் என்று கேட்பது நியாயம்தான்.) பலர் இதைத் தோல்வி என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தச் சனம் கை நீட்டாவிட்டால் தழும்பை நம்பியே இன்னும் இருந்திருப்போம்.

அதனால்தான் "ஆபிரிக்காவில மனுசரைச் சோதனை எலியாக்கிறாங்க" என்று சிலர் இலேசாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகுது. தென்னாபிரிக்கா, கென்யா, சாம்பியாவில் எம்72 என்ற புதுத் தடுப்பூசியைச் சோதித்தார்கள். கிருமி உடம்பில் இருந்தும் நோய் வராத சுமார் 3,500 பேர். மூன்று வருட முடிவில் மருந்தில்லாத வெற்றூசி போட்டவர்களில் 26 பேருக்கு நோய். தடுப்பூசி போட்டவர்களில் 13 பேருக்கு.

இவ்வளவு சின்ன எண்ணுக்கா மூன்று வருடம்? ஓம். கிருமி புகுந்த பெரும்பாலானவர்களுக்குச் சாகும்வரை நோய் வராது. ஊசி காக்குமா என்று இரத்தத்தைச் சோதித்துச் சொல்ல வழியில்லை. யாருக்கு நோய் வருகுது என்று காத்திருந்து எண்ணுவதுதான் ஒரே வழி. 39 நோயாளரை வைத்து உலகத்துக்கே ஊசி போடவும் ஏலாது. அதனால் அடுத்த கட்டத்துக்கு 20,000 பேர் வரை.

அந்தக் காத்திருப்பை நான் குறை சொல்லவில்லை. இரண்டு கட்டத்துக்கும் இடையில் போன வருடங்களைத்தான் சொல்றன். 2019இல் முடிவு முழுசாக வெளிவந்தது. அடுத்த கட்டம் தொடங்கியது 2024 மார்ச்சில். கொரோனாவுக்கு ஒரு வருடத்துக்குள்ளேயே ஊசி வந்ததே! 2023இல் மட்டும் காசநோயால் பன்னிரண்டரை இலட்சம் பேர் செத்திருக்கிறாங்க. இந்தத் தாமதத்துக்கு, செத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கு மட்டக்களப்பில் இப்படியொரு சோதனைக்கு ஆள் கேட்டால் நான் போவேன். போய் முதலில் கேட்கிறது இதுதான்: ஊசி பலித்தால் எங்கட கிளினிக்குக்கு எந்த வருடம், என்ன விலைக்கு வரும்? அதை எழுத்தில் தந்த மறுகாதான் சட்டைக் கையை மடிப்பேன்.