தேன்நிலவுக்குப் பனி வேண்டுமா? முதலில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்

சித்தி மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். நேற்று இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் ஒரே ஒரு வரி: "அக்கா, குல்மார்க்கா மணாலியா?" ஒன்று காஷ்மீர், இன்னொன்று இமாச்சலம். கூடவே ஏழு ரீல்ஸ். ஏழிலும் ஒரு பெண் சிவப்புச் சேலையும் கையில்லாத ரவிக்கையுமாகப் பனியில் சுற்றிச் சுற்றி ஆடுகிறாள். வீடியோ முடிந்ததும் ஓடிவந்து கம்பளி போர்த்திவிடும் ஆள் மட்டும் எதிலும் தெரியவில்லை.

மாப்பிள்ளைக்குக் கரூரில் ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் வேலை. லீவு பத்து நாள். மறுவீடு, விருந்து, குலதெய்வக் கோயில் என்று மூன்று நாள் அதிலேயே போய்விடும். கையில் அறுபதாயிரம். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. தைக் கல்யாணம் இன்னும் பல வீடுகளில் இருக்குமே என்று இங்கேயே போடுகிறேன்.

முதலில் எங்கள் கதை. 2023 பிப்ரவரியில் போனோம். ஒரு டிராவல்ஸில் ஐந்து ராத்திரி சிம்லா–மணாலி ஹனிமூன் பேக்கேஜ். மெத்தையில் ரோஜா இதழ், ஒரு வேளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பாடு, ஒரு கேக், ராத்திரி பாதாம் பால் எல்லாம் அதில் அடக்கம். ஹீட்டர் அடக்கமில்லை என்பது ரூமுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்டார்கள். ரோஜா இதழை எடுத்துக்கொண்டு ஹீட்டரைக் கொடுங்கள் என்று என் கணவர் அரைகுறை இந்தியில் பேரம் பேசியது இன்றைக்கும் எங்கள் வீட்டில் நகைச்சுவைக் காட்சி.

சிம்லாவில் பனியே இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. பனி பார்க்கலாம் என்று பக்கத்திலிருக்கும் குஃப்ரிக்குக் கூட்டிப்போய்க் குதிரையில் ஏற்றினார்கள். சேறும் குதிரைச் சாணமுமான பாதையில் ஏறிப்போனால், மேலே மரநிழலில் கொஞ்சம் அழுக்கு வெள்ளை, அவ்வளவுதான். 1901க்குப் பிறகு இந்தியாவில் பகல் வெப்பம் சராசரியாக மிக அதிகமாக இருந்த பிப்ரவரி அதுதான் என்று வானிலைத் துறை பிறகு அறிவித்தது. முகூர்த்தம் பார்த்துக் கல்யாணம் பண்ணினோம், பனிக்கு யாரும் முகூர்த்தம் பார்க்கவில்லை.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், மணாலி நம் ஊட்டியை விட உயரம் குறைவு. ஊட்டி 2,240 மீட்டர், மணாலி ஏறக்குறைய 2,050. சிம்லாவும் ஊட்டியும் கிட்டத்தட்ட ஒரே உயரம். உயரம் மட்டும் பனியைக் கொண்டுவராது. வடக்கே குளிர் அதிகம், அதோடு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் மேகக் கூட்டங்கள் அலையலையாக வந்து இமயமலையில் மோத வேண்டும். நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு இது. ஒரு வருஷம் கொட்டும், ஒரு வருஷம் கைவிரித்துவிடும். 2024 ஜனவரியில் குல்மார்க்கே மாதம் முடியும் தறுவாய் வரை மொட்டையாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். குல்மார்க்குக்கே இந்தக் கதி என்றால் சிம்லாவில் பனி கியாரண்டி என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, குல்மார்க்? அழகில் அதற்கு ஈடு கிடையாது, அதை நான் மறுக்கவே மாட்டேன். 2,650 மீட்டர். கோண்டோலா என்கிற ரோப் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் நாலாயிரம் மீட்டரை நெருங்கிக் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் அறுபதாயிரத்துக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். பனிக்காலத்தில் குல்மார்க் ரூம் வாடகை நம் கைக்கு எட்டாது, ஸ்ரீநகரில் தங்கி ஒரு நாள் போய்வரத்தான் முடியும். பனி அதிகமானால் தங்மார்க்கில் இறங்கி, கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டருக்குச் சங்கிலி கட்டிய வேறு வண்டி பிடிக்க வேண்டும். பூட்ஸ், கைடு, சறுக்குக் கட்டை என்று ஒவ்வொரு அடியிலும் ஒருவர் நிற்பார். அவர்களுக்கும் வருஷத்தில் நாலு மாதம்தான் வியாபாரம், குறை சொல்லவில்லை. நம் பர்ஸ் சின்னது, அவ்வளவுதான்.

காஷ்மீருக்கு இப்போது ரயிலே போகிறது என்று மாப்பிள்ளை சொன்னாராம். உண்மைதான். 2025 ஜூனிலிருந்து ஜம்மு பக்கத்துக் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலத்தைத் தாண்டி மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். பிரச்சினை கட்ரா வரைக்கும் போவதில்தான். சென்னையிலிருந்து ரயிலில் அதற்கே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். பத்து நாள் லீவுக்காரருக்குச் சரிப்படாது. போவதென்றால் ஒன்று மட்டும், வெளிமாநிலப் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. மாமியார் போன் எடுக்கவில்லையே என்று பதறுவதற்குள் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு பெரியவர்கள் தயங்குவார்கள், அதை அவர்களோடு உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

ஆகவே என் ஓட்டு மணாலிக்கு. எங்களை ஏமாற்றியது சிம்லா, மணாலி இல்லை. ஊருக்குள் பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை, சோலாங் பள்ளத்தாக்கு முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது. அங்கேயும் போதவில்லை என்றால் அடல் சுரங்கப்பாதை. 2020 அக்டோபரில் திறந்த ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம். இந்தப் பக்கம் தேவதாரு மரங்களும் வெயிலும், பதினைந்து நிமிஷத்தில் அந்தப் பக்கம் வெளியே வந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கு, கண் கூசும் வெள்ளை. அந்த மாற்றத்தைப் பார்த்து என் கணவர் இரண்டு நிமிஷம் பேசவில்லை. கல்யாணமாகி மூன்று வாரத்தில் நான் பார்த்த முதல் அதிசயம் அது.

ஆனால் பனி கொட்டும் நாளில் போலீஸ் நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4 வண்டிகளை மட்டுமே மேலே விடும், சில நாள் சுரங்கத்தையே மூடிவிடும். அதனால் முதல் நாளே மேலே போய்விடுங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். லாஹௌல் கிராமங்களில் ஜனவரி, பிப்ரவரி திருவிழாக் காலம். சில ஊர்களில் அப்போது சுற்றுலாக்காரர்கள் வர வேண்டாம் என்று பஞ்சாயத்தே தடுத்துவைப்பதுண்டு, கிளம்பும் முன் டிரைவரிடம் விசாரியுங்கள். மணாலிக்குப் பக்கத்திலேயே கோஷால் முதலான சில கிராமங்களில், நமக்குப் பொங்கலான அதே மகர சங்கராந்தியிலிருந்து 42 நாள் சத்தமே போடக் கூடாது. தேவதைகள் சொர்க்கம் போயிருக்கின்றன, தியானத்தைக் கலைக்கக் கூடாது என்பது ஐதீகம். டிவிகூடப் போட மாட்டார்கள். தைக் கல்யாண ஜோடிகள் சரியாக அந்த நாட்களில்தான் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு போய் இறங்குகிறோம்.

கணக்குக்கு வருவோம். போகும்போது ரயில், வரும்போது விமானம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ராத்திரி பத்து மணிக்கு ஏறினால் மூன்றாம் நாள் காலை டெல்லி. மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம், இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேசிய பழக்கமே இல்லை. மாமியார், நாத்தனார், விருந்து எதுவும் இல்லாமல் இரண்டு ராத்திரியும் ஒரு முழுப் பகலும் ஜன்னலோரம் உட்கார்ந்து பேச இடம் கிடைத்தால் விடுவார்களா? எனக்குக் கேட்டால் தேன்நிலவு போபாலிலேயே ஆரம்பித்துவிடும்.

டெல்லியில் சாயங்காலம் வால்வோ பஸ், மறுநாள் காலை மணாலி. மூன்று ராத்திரி தங்கல். திரும்பும்போது டெல்லியில் சாயங்கால விமானமாகப் போடுங்கள், பனிக்காலத்தில் மலைப் பஸ் நேரத்துக்கு வரும் என்று நம்பிக் காலை விமானம் போட்டவர்கள் அழுததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விமானத்துக்குப் பதின்மூன்றாயிரம், பஸ்ஸுக்கு ஆறாயிரம், ரூம் ஒரு ராத்திரிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, டாக்ஸி, சாப்பாடு என்று என் கணக்கில் ஐம்பதாயிரத்தைத் தாண்டாது. மிச்சத்தைக் கையில் வையுங்கள். அதில் பாதி அத்தைகளுக்கு வாங்கும் சால்வையில் போய்விடும்.

ரூமில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறதா என்று கேட்பதற்கு முன்னால் ஹீட்டர் வாடகையில் சேர்த்தியா, மெத்தையில் மின்கம்பளம் உண்டா, காலையில் குழாய் உறைந்துவிட்டால் வெந்நீர் தருவார்களா என்று கேளுங்கள். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சொன்ன நம் பாட்டிகள் மைனஸ் ஐந்து டிகிரியைப் பார்த்ததில்லை. மச்சு என்ன, ரஜாய் என்கிற தடித்த பஞ்சுப் போர்வை இரண்டு போர்த்தினாலும் துளைக்கும். பனி ஒரு பகல் பார்த்தால் போதும், ராத்திரிக்குக் கதகதப்புத்தான் வேண்டும்.

துணிமணிக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். பனிக் கோட்டும் கம்பூட்ஸும் சோலாங் போகும் வழியெங்கும் வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே போடும் தெர்மலை மட்டும் இங்கேயே வாங்குங்கள். கரூர்க்காரர்களுக்குத் திருப்பூர் எவ்வளவு தூரம்?

அப்புறம் எந்த ரீலிலும் சொல்லாத ஒன்று, மெட்டி. கல்யாணத்துக்குப் போட்ட புது மெட்டி, இரண்டு ஜோடி சாக்ஸ், அதற்கு மேல் இறுக்கமான வாடகை பூட்ஸ். அரை மணி நேரத்தில் எனக்கு விரல் மரத்துப்போய், பூட்ஸைக் கழற்றினால் மெட்டி பதிந்து கன்றிச் சிவந்திருந்தது. சோலாங்கில் நாங்கள் எடுத்த போட்டோக்களில் நான் சிரிப்பது போலத் தெரிவதெல்லாம் பல்லைக் கடிப்பது.

எழுதிய இவ்வளவையும் வாய்ஸ் மெசேஜில் சொல்லி முடித்ததும் அவளிடமிருந்து வந்த கேள்வி இடத்தைப் பற்றியோ பட்ஜெட்டைப் பற்றியோ இல்லை. "அக்கா, மெட்டியைக் கழற்றினால் அத்தை ஏதாவது சொல்லுவாங்களா?"

போட்டோவில் பூட்ஸ்தான்டி தெரியும் என்று பதில் போட்டிருக்கிறேன்.