ஹாலிஃபாக்ஸோடு சேர்த்துவிட்டால் போதுமா?
"சில நூறு மாணவர்களுக்குத் தனிப் பல்கலைக்கழகம் எதற்கு, ஹாலிஃபாக்ஸில் பெரிய ஒன்றோடு சேர்த்துவிடலாம்" என்று சேந்த்-ஆன் பல்கலைக்கழகம் பற்றிய கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹாலிஃபாக்ஸைத் தலைநகராகக் கொண்ட கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் பிரெஞ்சு வழியில் நடக்கும் ஒரே பல்கலைக்கழகம் சேந்த்-ஆன். 1755-ல் பிரிட்டிஷார், அங்கே வாழ்ந்த பிரெஞ்சு வம்சாவளியினரான அகாடியர்களைத் துரத்தியடித்தார்கள். பிறகு திரும்பி வந்தவர்களுக்குப் பழைய வயல்கள் கிடைக்கவில்லை. பலர் செயின்ட் மேரி விரிகுடாக் கரையில் குடியேறினார்கள். அந்தக் கரையில், சர்ச் பாயிண்டில், 1890-ல் தொடங்கியது இது. அந்த இடம்தான் அதன் பலம். அங்கே ஐந்து வார பிரெஞ்சு வகுப்புக்கு நான் போயிருக்கிறேன். பிரெஞ்சைத் தவிர வேறு மொழி பேச மாட்டேன் என்று முதலிலேயே உறுதி கொடுத்துவிட வேண்டும். ஆனால் வகுப்பைவிட வெளியில்தான் அதிகம் கற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் கட்டி ஒட்டப் பிழிந்து, போன தண்ணீருக்கு ஈடாகக் கொதிக்கும் கோழிச் சாற்றை ஊற்றி ராப்யூர் என்ற அகாடிய உணவைச் செய்து காட்டினார். பேச்சில் 'நாங்கள்' வர வேண்டிய இடத்தில் 'நான்' என்று தொடங்கி, வினையை மட்டும் பன்மையில் முடித்தார். பாடப் புத்தகத்தில் இல்லாத பழைய பிரெஞ்சு அது! கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் இணையவழிப் பாடமே போதும் என்கிறார். சரி, இலக்கணம் வந்துவிடும். அந்தச் சமையலறை வருமா? இணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2003-ல் அகாடி கல்லூரி இதோடு இணைந்தது, ஆனால் அதுவும் பிரெஞ்சுக் கல்லூரிதான். மாகாணத்தின் அகாடியப் பள்ளிகளுக்கு வேண்டிய ஆசிரியர்களை பிரெஞ்சிலேயே பயிற்றுவிப்பதும் இங்கேதான்.